நடுமுதுகில் டிஸ்க் பிதுங்கினால் ஆபரேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது) பிதுங்கியிருக்கிறது என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்து, டாக்டரும் ஆபரேஷன் பேச்சை எடுத்துவிட்டால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் எல்லோரும் இடுப்பு டிஸ்க் கதையைத்தான் சொல்வார்கள். அது வேறு, இது வேறு. முதுகெலும்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் என்னிடம் நோயாளிகளும் கூட வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உங்களை நேரில் பரிசோதித்த டாக்டர் சொல்வதற்கு இது மாற்று இல்லை. அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக உதவும்.

நடுமுதுகு என்று எந்தப் பகுதியைச் சொல்கிறீர்கள்?

கழுத்தில் 7 முள்ளெலும்புகள், அதற்குக் கீழே விலா எலும்புகள் வந்து சேரும் 12, அப்புறம் இடுப்பில் 5. நடுவில் இருக்கும் அந்த 12-தான் நாம் பேசும் பகுதி. ரிப்போர்ட்டில் டி1 முதல் டி12 வரை எண் போட்டிருப்பார்கள். ‘டி8-9’ என்றால் எட்டாவதற்கும் ஒன்பதாவதற்கும் இடையில் உள்ள டிஸ்க்.

விலா எலும்புக்கூடு இறுக்கிப் பிடித்திருப்பதால் இந்தப் பகுதி அதிகம் வளைவதில்லை. அதனால் தேய்மானமும் குறைவு. தொந்தரவு தரும் டிஸ்க் பிதுக்கங்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால் நூற்றில் ஒன்றுகூட இங்கே வராது. வந்தாலும் பெரும்பாலும் டி8-க்குக் கீழேதான் வரும்.

இடுப்பு டிஸ்க்கைவிட இது ஏன் பயப்பட வேண்டியது என்கிறார்கள்?

மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது எலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தனித்தனி நரம்புகள்தான் போகின்றன. அதனால் இடுப்பில் டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் ஒரு நரம்பு நசுங்கும், ஒரு காலில் வலி இழுக்கும். நடுமுதுகில் பிதுங்கினால் அது தண்டுவடத்தின் மேலேயே போய் அழுத்துகிறது.

இடமும் குறுகல். இந்தப் பகுதியில் முதுகு இயல்பாகவே கொஞ்சம் கூன் போட்டிருப்பதால், தண்டுவடம் முன்பக்கம் சாய்ந்து டிஸ்க்கை ஒட்டியே ஓடுகிறது. போதாததற்கு, நடுமுதுகுத் தண்டுவடத்துக்கு ரத்த ஓட்டமும் மற்ற பகுதிகளைவிடக் குறைவு. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லப்போகும் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

என்னென்ன அறிகுறிகள் வரும்?

இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை வலி. முதுகின் நடுவில் வலிக்கும், அல்லது முதுகில் தொடங்கி விலா எலும்பின் வழியே சுற்றி மார்புக்கோ வயிற்றுக்கோ வரும். இருமினால், தும்மினால் சுள்ளென்று பிடிக்கும். இதை நெஞ்சுவலி என்று நினைத்து இசிஜி எடுத்தவர்கள், அல்சர் என்று மாத்திரை சாப்பிட்டவர்கள், பித்தப்பைக் கல் என்று ஸ்கேன் எடுத்தவர்கள் நிறைய. அப்படிப் பார்த்ததில் தவறே இல்லை. நெஞ்சுவலி என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வகை தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறிகள். இது வலியே இல்லாமல், மெதுவாக, நோயாளிக்கே தெரியாமல் வரும். அதனால்தான் நான் செருப்பைப் பற்றிக் கேட்பேன். நடக்கும்போது செருப்பு காலிலிருந்து கழன்று போகிறதா, கழன்றது உங்களுக்கே தெரிகிறதா? சிலர் இரண்டு எட்டு வெறுங்காலோடு நடந்த பிறகு, பின்னால் வருபவர் சொல்லித்தான் திரும்பிப் பார்ப்பார்கள். குளியலறையில் கண்ணை மூடி முகம் கழுவும்போது உடம்பு ஆடுகிறதா? இரவில் விளக்கு இல்லாத இடத்தில் நடக்கச் சுவரைப் பிடிக்கிறீர்களா? படியில் இறங்கும்போது கால் விறைக்கிறதா? தரை பஞ்சு மாதிரி இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். தொப்புளுக்கோ மார்புக்கோ கீழே தொட்டால் மந்தமாக இருக்கும். சிறுநீர் வந்தால் அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கும், அல்லது உட்கார்ந்தும் சட்டென்று வராது.

வயதானவர்களிடம் இதையெல்லாம் ‘வயசாயிடுச்சு, சர்க்கரை இருக்கு’ என்று தள்ளிவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த நோயில் வீணாகும் மாதங்கள் பெரும்பாலும் இங்கேதான் வீணாகின்றன.

எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. ஆபரேஷன் கட்டாயமா?

ஸ்கேனில் தெரிவதால் மட்டும் கட்டாயம் இல்லை. நடுமுதுகு வலி இல்லாத 90 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1995-இல் அமெரிக்காவில் வெளியானது. அதில் 37 சதவீதம் பேருக்கு நடுமுதுகில் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. நடுமுதுகில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஆகவே படத்தையும் உடம்பையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முழங்காலில் சுத்தியால் தட்டி, உள்ளங்காலில் கீறி, ஒரு கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்க்காமல், படத்தை மட்டும் பார்த்து ஆபரேஷன் தேதி கொடுத்தால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.

அப்படியானால் எப்போது செய்தே ஆக வேண்டும்?

தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறிகள் இருந்து, ஸ்கேனிலும் அதே இடத்தில் அழுத்தம் தெரிந்தால். கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடுகிறது, நடை மோசமாகிறது, சிறுநீர் கட்டுப்பாடு போகிறது என்றால் மாத்திரை, பெல்ட், ஓய்வு எதுவும் அந்த அழுத்தத்தை எடுக்காது. திடீரென்று கால்கள் இயங்காமல் போனால் அது அவசரம். அன்றே மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

வலி மட்டும்தான் இருக்கிறது. காத்திருக்கலாமா?

காத்திருக்கலாம் என்பதோடு, காத்திருக்கத்தான் வேண்டும் என்பேன். வலி மாத்திரை, நரம்பு வலிக்கான மாத்திரை, முறையான உடற்பயிற்சி, தேவைப்பட்டால் நரம்பைச் சுற்றிப் போடும் ஊசி என்று போனால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் குறைந்துவிடும். பிதுங்கிய பகுதி தானாகச் சுருங்குவதும் உண்டு. மாதக்கணக்கில் எல்லாம் செய்தும் வாழ்க்கையே முடங்குகிறது, வலிக்கு அந்த டிஸ்க்தான் காரணம் என்பதும் உறுதியாகிறது என்றால் மட்டும் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். காத்திருக்கும் காலத்தில் நடையையும் சிறுநீரையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

டிஸ்க் இல்லாமல் வேறு நோயாக இருக்குமோ?

இருக்கலாம். நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். எலும்பைத் தாக்கும் காசநோய் அதிகம் வருவது முதுகெலும்பில். அதிலும் நடுமுதுகு அதற்குப் பிடித்த இடம். இரவில் கூடும் வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைவது, பசியின்மை என்று ஏதாவது இருந்தால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய், தண்டுவடத்தை ஒட்டிய தசைநார் எலும்பாக இறுகிப்போவது போன்றவையும் இதே மாதிரி காலைப் பாதிக்கும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும் சி.டி. ஸ்கேன் எதற்கு?

காசு பிடுங்குவதற்காக இல்லை. நடுமுதுகு டிஸ்க் பல பேருக்குச் சுண்ணாம்பு படிந்து கல்லாக இறுகியிருக்கும். எம்.ஆர்.ஐ.யில் அது சரியாகத் தெரியாது, சி.டி.யில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். மிருதுவான டிஸ்க்கை மெதுவாக இழுத்து எடுக்கலாம். இறுகியதை நுண்ணிய டிரில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, தண்டுவடத்திலிருந்து விலக்கித்தான் எடுக்க முடியும். சில சமயம் அது தண்டுவடத்தின் உறையோடு ஒட்டியிருக்கும், உறைக்குள்ளேயே புகுந்தும் இருக்கும். எந்த வழியில் போவது என்ற முடிவே இந்தப் படத்தைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது.

இடுப்பு டிஸ்க் மாதிரி முதுகைத் திறந்து எடுத்துவிட முடியாதா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சிகிச்சையின் வரலாறே இதில்தான் இருக்கிறது.

ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தார்கள். முதுகின் நடுவில் கீறி, எலும்பின் பின்கூரையை எடுத்துவிட்டு, தண்டுவடத்தை ஒதுக்கி, அதற்கு முன்னால் இருக்கும் டிஸ்க்கை எடுப்பது. இடுப்பில் நரம்புகளைக் கொஞ்சம் ஒதுக்கலாம், தாங்கும். நடுமுதுகுத் தண்டுவடம் அந்த ஒதுக்கலைத் தாங்காது. நடந்து வந்தவர்கள் ஆபரேஷன் முடிந்து இரண்டு காலும் செயலிழந்து எழுந்தார்கள். லண்டனில் வாலண்டைன் லோக் என்ற அறுவை மருத்துவர் 1952-இலேயே இந்த முறையின் மோசமான விளைவுகளை எழுதினார். இப்படிப் பின்வழியாக ஆபரேஷன் செய்த 135 பேரின் விவரங்களை 1985-இல் தொகுத்துப் பார்த்தபோது, கால்வாசிக்கும் மேற்பட்டவர்களுக்கு நிலைமை முன்பைவிட மோசமாகியிருந்தது.

திருப்பம் 1960-இல் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்ஸில் மெனார் என்ற மருத்துவர், முதுகெலும்புக் காசநோயின் சீழை வெளியேற்ற விலா எலும்பின் ஒரு துண்டை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் உள்ளே போகும் வழியைக் காட்டியிருந்தார். இங்கிலாந்தில் ஆலன் ஹியூம் அந்தப் பக்கவாட்டு வழியை டிஸ்க்குக்குக் கொண்டுவந்தார். தண்டுவடத்தைத் தொடாமல், பக்கத்திலிருந்து டிஸ்க்கை அடையலாம். 1969-இல் மார்பைத் திறந்து முன்பக்கத்திலிருந்தே எடுக்கும் முறை வந்தது. அதற்குப் பிறகு முடிவுகள் பெரிய அளவில் மாறின.

காசநோய்க்காகக் கண்டுபிடித்த ஒரு வழி எத்தனை பேரை நடக்க வைத்திருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

இப்போது எந்தெந்த வழிகளில் செய்கிறார்கள்?

டிஸ்க் நடுவில் பிதுங்கியிருக்கிறதா ஓரத்திலா, மிருதுவா இறுகியதா, எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது.

ஓரமாகப் பிதுங்கிய மிருதுவான டிஸ்க்குக்குப் பின்பக்கவாட்டு வழி போதும். மூட்டு எலும்பிலும் அதை ஒட்டிய எலும்புத் தண்டிலும் கொஞ்சம் எடுத்துவிட்டு, ஓரத்திலிருந்து உள்ளே போவார்கள். மார்பைத் திறக்கத் தேவையில்லை. எண்டோஸ்கோப் வைத்துச் சிறு துளை வழியாகவும் பொருத்தமானவர்களுக்குச் செய்கிறார்கள்.

இன்னும் கொஞ்சம் நடுப்பக்கம் வந்திருந்தால், விலா எலும்பின் பின்முனைத் துண்டையும் எடுத்துவிட்டு, இன்னும் பக்கவாட்டிலிருந்து அணுகுவார்கள்.

நடுவில் பெரிதாக, கல்லாக இறுகிப்போய் உட்கார்ந்திருப்பதற்கு மார்பு வழிதான் பெரும்பாலும் பாதுகாப்பு. குறிப்பாக, தண்டுவடம் போகும் குழாயில் 40 சதவீதத்துக்கு மேல் அடைத்திருக்கும் மிகப்பெரிய பிதுக்கங்களுக்கு. இதில் விலா எலும்புகளுக்கு இடையே போய், அந்தப் பக்க நுரையீரலைத் தற்காலிகமாகச் சுருங்க வைத்து, டிஸ்க்கை நேருக்கு நேர் பார்த்து எடுப்பார்கள். முதலில் டிஸ்க்குக்கு முன்னால் எலும்பில் ஒரு பள்ளம் குடைவார்கள். அப்புறம் பிதுங்கிய பகுதியைத் தண்டுவடத்திலிருந்து விலக்கி அந்தப் பள்ளத்துக்குள் இழுப்பார்கள். பெரிய கீறலாகவும் செய்யலாம், சிறு துளைகள் வழியே கேமரா விட்டும் செய்யலாம். கேமரா முறை 1990-களில் வந்தது. கீறல் சிறியது, வலி குறைவு, ஆனால் நல்ல பழக்கம் உள்ள கை வேண்டும்.

எனக்குக் கீறலின் நீளம் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. தண்டுவடத்தை ஒதுக்காமல் எடுக்க எந்த வழி உதவுமோ அதுதான் நல்ல வழி. ‘சின்ன துளையா, பெரிய கீறலா’ என்று கேட்பதைவிட ‘இந்த டிஸ்க்குக்கு ஏன் இந்த வழி’ என்று கேளுங்கள்.

தப்பான இடத்தில் ஆபரேஷன் செய்துவிட்டால்?

நியாயமான பயம். நடுமுதுகில் எலும்புகள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தியேட்டரில் எக்ஸ்ரேயில் எண்ணுவதும் தோள்பட்டையாலும் விலா எலும்புகளாலும் சிரமம். சிலருக்குப் பிறவியிலேயே விலா எலும்பு 11 ஜோடியோ 13 ஜோடியோ இருக்கும். எண்ணிக்கை அங்கேயே குழம்பும்.

அதனால்தான் டிஸ்க் இருக்கும் இடத்தை மட்டும் படம் எடுத்தால் போதாது. கழுத்திலிருந்தோ இடுப்பின் அடிமுனையிலிருந்தோ வரிசையாக எண்ணும்படி முழு முதுகெலும்பும் படத்தில் இருக்க வேண்டும். சில இடங்களில் முந்தின நாளே சி.டி. பார்த்துக்கொண்டு சரியான எலும்பில் ஒரு சின்ன உலோக அடையாளம் வைத்துவிடுகிறார்கள். அடுத்த நாள் தியேட்டரில் அதைத் தேடினால் போதும். ‘சரியான இடத்தை எப்படி உறுதி செய்வீர்கள்’ என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். நல்ல சர்ஜன் சந்தோஷமாக விளக்குவார்.

மயக்கத்தில் இருக்கும்போது தண்டுவடம் பாதிக்கப்பட்டால் எப்படித் தெரியும்?

தலையிலும் கால்களிலும் சின்ன மின்முனைகள் பொருத்தி, மூளையிலிருந்து காலுக்கும் காலிலிருந்து மூளைக்கும் சமிக்ஞை போகிறதா என்று ஆபரேஷன் முழுக்கத் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அலை சிறுத்தால் உடனே சொல்வார்கள், சர்ஜன் நிறுத்துவார். மயக்க மருத்துவர் ரத்த அழுத்தத்தைக் குறைய விடாமல் பிடித்திருப்பார், ஏனென்றால் நசுங்கிய தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்தால் அதுவே பாதிப்பு. இந்தக் கண்காணிப்பு வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

ஸ்க்ரூ, ராடு எல்லாம் போடுவார்களா?

எல்லோருக்கும் இல்லை. விலா எலும்புகள் தாங்குவதால் கொஞ்சம் எலும்பு எடுத்தாலும் முதுகு நிலையாகவே இருக்கும். அதிகம் எலும்பு எடுக்க நேர்ந்தாலோ, மூட்டு முழுவதையும் எடுத்தாலோ, நடுமுதுகும் இடுப்பும் சேரும் இடத்தில் ஆபரேஷன் என்றாலோ போடுவார்கள்.

என்னென்ன ஆபத்துகள்?

மறைக்காமல் சொல்கிறேன். மிகப் பெரிய பயம் கால்கள் மேலும் பலவீனமாவது. இன்றைய முறைகளில் இது பழைய காலத்தைவிட மிகவும் குறைந்திருக்கிறது, ஆனால் அறவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்டுவட உறை கிழிந்து நீர் கசியலாம். மார்பு வழி ஆபரேஷனில் அந்த நீர் மார்புக்கூட்டுக்குள் போனால் அடைவது சிரமம். நுரையீரலில் சளி, நிமோனியா வரலாம். விலா நரம்பு வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். தொற்று, ரத்தக்கசிவு, காலில் ரத்தம் உறைவது எல்லாப் பெரிய ஆபரேஷனுக்கும் பொது. பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் தேதி குறித்த அன்றே நிறுத்துங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் அதைச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் என்ன நடக்கும்?

மார்பு வழியே போயிருந்தால் விலாவின் பக்கத்தில் ஒரு டியூப் இருக்கும். காற்றும் நீரும் வடிய அதை வைக்கிறார்கள், பொதுவாகச் சில நாட்களில் எடுத்துவிடுவார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் தேவையானது.

என் வேலை முதல் நாளே தொடங்கிவிடும். மூன்று பந்து உள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்து, மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை மேலே தூக்கச் சொல்வோம். வலிக்கிறது என்று ஆழமாக மூச்சு விடாமல் படுத்திருந்தால் சளி கட்டும். இருமும்போது ஒரு தலையணையை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி குறையும். கூட இருப்பவர்கள் இதை நினைவுபடுத்திக்கொண்டே இருங்கள்.

சர்ஜன் அனுமதித்தால் அடுத்த நாளே உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்கவும் வைப்போம். எழும்போது நேராக எழக்கூடாது. முதலில் ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குப் போகலாம். கால் பலவீனம் அதிகம் உள்ளவர்களுக்குக் கூடுதல் நாட்கள் ஆகும்.

எவ்வளவு குணமாகும்?

சுற்றி வரும் வலி பெரும்பாலோருக்கு நன்றாகக் குறையும். நடையைப் பொறுத்தவரை, ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு காலம், எவ்வளவு மோசமாக நசுங்கியிருந்தது என்பதுதான் பெரிதும் தீர்மானிக்கும். சில வாரங்களே தடுமாறியவர் நன்றாகத் தேறுவார். ஒரு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருந்தவருக்கு முழுதாகத் திரும்பும் என்று உறுதி தர முடியாது. ஆபரேஷனின் முதல் நோக்கம் இன்னும் மோசமாகாமல் தடுப்பது. அதற்கு மேல் கிடைப்பது மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும், கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். சிறுநீர்க் கட்டுப்பாடு பெரும்பாலும் கடைசியில்தான் வரும்.

எண்ணெய் தேய்த்து நீவிவிடலாமா? தட்டி எடுப்பவரிடம் போகலாமா?

தண்டுவடம் நசுங்கியிருக்கும்போது முதுகை முறுக்குவது, மிதிப்பது, சொடக்கு எடுப்பது கூடவே கூடாது. யார் செய்தாலும் கூடாது. பிசியோதெரபிஸ்ட் செய்தாலும்தான்.

வீட்டில் எப்படி இருக்க வேண்டும்? வேலைக்கு எப்போது போகலாம்?

நடப்பதுதான் முக்கிய மருந்து, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போங்கள். முதல் ஆறு வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம், சிலிண்டர், அரிசி மூட்டை, குழந்தை எதையும் தூக்க வேண்டாம். குனிந்து வீடு பெருக்குவது, துணி பிழிவது வேண்டாம். குந்தி உட்காரும் கழிப்பறையைத் தவிர்த்து, அதன் மேல் வைக்கும் நாற்காலி வாங்கிக்கொள்ளுங்கள். கால் மரத்திருப்பவர்கள் பின்பட்டி உள்ள செருப்புதான் போட வேண்டும். சூடு தெரியாது என்பதால் வெந்நீர் ஒத்தடம், ஹீட்டிங் பேட் எதையும் மரத்த இடத்தில் வைக்கக்கூடாது.

உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பலர் ஒன்றிரண்டு மாதங்களில் திரும்புகிறார்கள். உடலுழைப்பு வேலைக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். பைக், கார் ஓட்டுவது கால்களின் உணர்வும் பலமும் திரும்பிய பிறகுதான், அதையும் பரிசோதித்துச் சொல்லட்டும்.

செலவு?

மருத்துவமனைக்கு மருத்துவமனை பெரிய வித்தியாசம் இருக்கும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், சேருவதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இந்த ஆபரேஷனுக்குச் செல்லுமா, எவ்வளவு வரை என்று கேட்டுவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவையும் நம்பிப் போகலாம்.

எந்த சர்ஜனிடம் போவது?

நரம்பியல் அறுவை மருத்துவரும் செய்வார், முதுகெலும்பு சிறப்புப் பயிற்சி பெற்ற எலும்பு அறுவை மருத்துவரும் செய்வார். பட்டத்தைவிட முக்கியம், நடுமுதுகு டிஸ்க்கை இதற்கு முன் செய்திருக்கிறாரா என்பது. அரிதான நோய் என்பதால் பெரிய சர்ஜன்கள்கூட வருடத்துக்குச் சிலவே பார்ப்பார்கள். மார்பு வழி என்றால் மார்பு அறுவை மருத்துவர் கூட இருப்பாரா என்றும் கேளுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு எதற்காக உடனே திரும்பி வர வேண்டும்?

கால் பலம் முன்பைவிடக் குறைந்தால், சிறுநீர் வராமல் நின்றால், மூச்சுத் திணறினால், ஒரு காலின் ஆடுசதை வீங்கி வலித்தால், காய்ச்சலோடு தையல் இடம் சிவந்து கசிந்தால், காயத்திலிருந்து தண்ணீர் மாதிரி தெளிவாக வடிந்தால், உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி வந்தால். இதில் எதுவாக இருந்தாலும் அடுத்த ஓ.பி. தேதிவரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மூச்சுத் திணறலோ கால் செயலிழப்போ என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் ஸ்கேன் படங்களையும் ஒரே பையில் போட்டு, அவசரத்தில் கை எட்டும் இடத்தில் வைத்திருங்கள்.